எச்.ஜே.டி. பேனலுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப் போகிறோம். "எச்.ஜே.டி. பேனல் போடுங்க, ஜப்பான் சான்யோ கம்பெனி கண்டுபிடிச்ச டெக்னாலஜி, வெயிலைத் தாங்கும்" என்று டீலர் கூடுதல் விலை சொல்கிறார். அந்தக் கம்பெனியே இப்போது இல்லையாமே, நம்பி வாங்கலாமா?

பதில்: எச்.ஜே.டி. (ஹெட்டரோஜங்ஷன்) என்பது இரண்டு வகை சிலிக்கானைச் சேர்த்துச் செய்யும் செல். டீலர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது வேறு கணக்கு.

சான்யோ முதலில் இறங்கியது வீட்டுக் கூரையில் அல்ல, கால்குலேட்டரில். யுகினோரி குவானோ என்ற ஆய்வாளர் 1975 வாக்கில் அமார்ஃபஸ் சிலிக்கானில் வேலையைத் தொடங்கினார். படிகமாக அடுக்கப்படாத சிலிக்கான் அது. மெல்லிய படலமாகக் கண்ணாடியில் படிய வைக்கலாம், டியூப்லைட் வெளிச்சமே போதும். 1980-ல் அந்த செல் கால்குலேட்டரில் விற்பனைக்கு வந்தது. வெயிலில் வைத்தால்தான் சிக்கல்: மின்திறன் குறைவு, அதுவும் ஒளி பட்டுப் பட்டு மேலும் குறையும்.

சான்யோவின் உண்மையான சாதனை இதற்குப் பிறகு வந்தது. வழக்கமான படிக சிலிக்கான் வேஃபரின் (செல் செய்யும் மெல்லிய தகடு) மேற்பரப்பில் அணுப் பிணைப்புகள் அறுபட்டு நிற்கும். ஒளியால் கிளம்பும் எலக்ட்ரான்கள் அங்கே சிக்கி வீணாகும். அந்த மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுக்கு அமார்ஃபஸ் சிலிக்கானைப் பூசினார்கள். அதிலிருக்கும் ஹைட்ரஜன் அறுந்த பிணைப்புகளை மூடிவிடுகிறது. தனியாகக் கூரைக்கு உதவாத பொருள், இன்னொன்றுக்குப் பூச்சாக அருமையாக உதவியது! 'எச்.ஐ.டி.' என்ற பெயரில் 1997-ல் இது பெரிய அளவில் உற்பத்திக்கு வந்தது. சுமார் 200 டிகிரி வெப்பமே போதும் என்பதால் மெல்லிய வேஃபரிலும் செய்ய முடிந்தது.

2009 கடைசியில் சான்யோ பானசோனிக் கைக்குப் போனது. 2014-ல் இதே வகை செல் ஆய்வகத்தில் 25.6 சதவீதத் திறனை (விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு) தொட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் நெடுங்காலம் வைத்திருந்த 25 சதவீத சாதனையை அது முறியடித்தது. ஆனாலும் விலையில் சீனப் பேனல்களோடு போட்டி போட முடியவில்லை. சொந்தமாக செல் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக 2021-ல் பானசோனிக் அறிவித்தது. அடிப்படைக் காப்புரிமை அதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது, இன்று எச்.ஜே.டி. என்ற பெயரில் பல கம்பெனிகள் செய்வது அதே வழியில்தான்.

சரி, உங்கள் மாடிக்கு வருவோம். 3 கிலோவாட் என்றால் எந்த வகைப் பேனலிலும் 3 கிலோவாட்தான். திறன் கூடினால் இடம் மிச்சமாகும், அவ்வளவே. மாடியில் இடம் தாராளமாக இருந்தால் அந்த எண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

வித்தியாசம் தெரிவது வெப்பத்தில். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி செல் வெப்பத்துக்குப் போடப்படுவது. சேலத்து வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடுவது சாதாரணம். கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் எச்.ஜே.டி. சுமார் 0.26 சதவீதம் இழக்கும். சந்தையில் உள்ள மற்ற இரு பேனல் வகைகளில் டாப்கான் 0.30, பழைய பெர்க் 0.35. அதாவது 65 டிகிரியில் எச்.ஜே.டி.க்கு 10 சதவீதம் போல இழப்பு, டாப்கானுக்கு 12, பெர்க்குக்கு 14. காலை, மாலை, மழை நாட்களில் இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஆகவே பெர்க்கோடு ஒப்பிட்டு நாலைந்து சதவீதம் விலை கூடுதல் என்றால் யோசிக்கலாம். டாப்கானை விட 10 சதவீதம் அதிகம் கேட்டால் நான் வாங்க மாட்டேன். பின்பக்கமும் மின்சாரம் எடுப்பதில் எச்.ஜே.டி. முந்தும், ஆனால் பேனலை உயரமாக நிறுத்தி, கீழே வெள்ளை கூலிங் டைல்ஸோ பெயிண்டோ இருந்தால்தான் அதில் பயன்.

ஈரப்பதம் இதற்கு ஆகாது. இரண்டு பக்கமும் கண்ணாடி, ஓரத்தில் நல்ல சீல் உள்ள பேனலாகப் பாருங்கள்.

இன்னொன்று, மானியம். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்க, செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். டீலர் காட்டுவது இறக்குமதிப் பேனல் என்றால் அந்தத் தொகை போய்விடும். வெப்பத்தில் மிச்சமாகும் யூனிட்டுகள் அதை ஈடுகட்டாது. 'டி.சி.ஆர்.' (உள்நாட்டுத் தயாரிப்பு) சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், சான்யோ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்; உங்கள் பேனலுக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை. வாரண்டி கார்டில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, அதற்கு இந்தியாவில் அலுவலகம் உண்டா, பழுதானால் கழற்றி மாட்டும் கூலி யார் தலையில் என்பவற்றை, முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.