டீச்சரிடம் கேளுங்கள்: ஆரத்தித் தட்டும் ஒரு கவுளி வெற்றிலையும்

சென்ற இதழில், லேப் இல்லாத பள்ளியிலும் கெமிஸ்ட்ரியைக் கையால் தொட்டு நடத்தலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். "எப்படி என்று சொல்லுங்கள்" என்று ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. திருவாரூர் மாவட்டத்துப் பள்ளிகளில் 31 வருஷம் வேதியியல் நடத்திவிட்டு, இப்போது கும்பகோணத்தில் பேத்திக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் 54 பிள்ளைகள். லேப் என்று ஓர் அறை இருக்கிறது. உள்ளே உடைந்த பெஞ்சுகள்தான் கிடக்கின்றன. அமிலம், காரம் நடத்தச் சோதனைக் குழாய்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்பும் எனக்குத்தான். தனித்தனியாகத் தயார் செய்ய நேரம் எங்கே?
ஆசிரியை, வலங்கைமான்

ஆரத்தி சுற்றியதைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தட்டில் தண்ணீர், அதில் மஞ்சள்தூள், அப்புறம் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு சுண்டைக்காய் அளவு. கலக்கியதும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இப்போது எலுமிச்சை மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிழியாமல் நில்லுங்கள். "பிழிந்தால் என்ன ஆகும்? நோட்டில் எழுது." எழுதி முடிக்கும்வரை பிழியவே கூடாது. தட்டு திரும்ப மஞ்சளாகும்போது வகுப்பில் எழும் சத்தம் பக்கத்து வகுப்பு ஆசிரியரை எட்டிப்பார்க்க வைக்கும். வெள்ளைச் சட்டையில் கொட்டிய சாம்பார்க்கறை சோப்புப் போட்டதும் சிவந்து, அலசினால் மஞ்சளாவது ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

சோதனைக் குழாய்க்குப் பதில் காலி மாத்திரை அட்டை. தாத்தா பாட்டி இருக்கிற வீட்டிலெல்லாம் கிடைக்கும். கழுவிக் கவிழ்த்தால் ஒரே அளவில் பத்துக் குழி. மூன்று பேருக்கு ஓர் அட்டை என்றால் 18 அட்டை போதும். குழிக்கு மூன்று சொட்டு மோர், புளித்தண்ணீர், சமையல் சோடாக் கரைசல், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிவு (சுண்ணாம்பு கலந்த தண்ணீர் அடங்கியதும் மேலே நிற்கும் தெளிந்த நீர்), வெறும் தண்ணீர் என்று விட்டு, மேலே ஒரு சொட்டு மஞ்சள் நீர்.

இங்கே ஒரு சிக்கல் வரும், வரட்டும். மோரிலும் மஞ்சள், வெறும் தண்ணீரிலும் மஞ்சள். மஞ்சள்தூளுக்குக் காரத்தைத்தான் காட்டிக்கொடுக்கத் தெரியும். அமிலத்தையும் நடுநிலையையும் பிரிக்கத் தெரியாது. "அப்போ வேறென்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு மறுநாள் செம்பருத்தியை எடுங்கள். ஐந்தாறு சிவப்புப் பூவின் இதழை மட்டும் பிய்த்துச் சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் கருஞ்சிவப்பாகச் சாறு இறங்கும். எலுமிச்சை பட்டால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிவு பட்டால் பச்சை. அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாள் நாறும்.

இரண்டு வகுப்புக்கும் இதே சாமான்தான். மாற்றவேண்டியது கேள்வியை மட்டும். ஒன்பதாம் வகுப்பில், "எவையெல்லாம் ஒரு சாதி, பிரித்து வை." பத்தாம் வகுப்பில், "சிவப்பு மறுபடி மஞ்சளானபோது என்ன வினை நடந்தது, சமன்பாடு எழுது." பதினொன்றுக்கும் இதையே கொண்டுபோயிருக்கிறேன். ஊசி கழற்றிய சிரிஞ்சால் பாட்டில் மூடியில் பத்துச் சொட்டுச் சுண்ணாம்புத் தெளிவு, துளி மஞ்சள். எலுமிச்சைச் சாறு எத்தனை சொட்டு விட்டால் நிறம் திரும்புகிறது என்று எண்ணவேண்டும். சாற்றில் பத்து மடங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கலக்காமல் விட்டால் ஒரே சொட்டில் கதை முடிந்துவிடும். தரம் பார்த்தல் என்று, பியூரெட் என்கிற அளவுக்குழாயை வைத்து லேபில் செய்வதும் இதைத்தான்.

சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பொல்லாதது. தெளிவை நீங்களே இறுத்து ஊற்றுங்கள்.

சாக்பீஸை வினிகரில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு குமிழ் வரும் என்று வகுப்பில் சொன்னேன். போட்டேன். ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.
இளம் ஆசிரியர், நீடாமங்கலம்

தம்பி, என் வகுப்பிலும் சிரித்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "சுண்ணக்கட்டி என்பது கால்சியம் கார்பனேட்" என்று போர்டில் எழுதி, அந்தச் சுண்ணக்கட்டியையே அமிலத்தில் போட்டேன். அது கல் மாதிரி கிடந்தது. "அமிலம் பழசு" என்று சொல்லிச் சமாளித்தேன். வேறு பாட்டில் அமிலத்திலும் அப்படியே கிடந்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண், "டீச்சர், அமிலம் பழசா, சாக்பீஸ் வேறயா?" என்றாள். சாக்பீஸ்தான் வேறு. நாம் போர்டில் எழுதுகிற கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்வது, அதாவது கால்சியம் சல்பேட். அதில் கார்பனேட் இல்லை, குமிழும் இல்லை. பேரில் 'சுண்ணம்' இருந்ததை நம்பி நான் ஏமாந்தேன்.

முட்டை ஓடு எடுங்கள். வயல் வரப்பில் கிடக்கிற செத்த நத்தை ஓடு, கடற்கரைக் கிளிஞ்சல் எல்லாமே கால்சியம் கார்பனேட். வினிகரில் போட்டதும் நுரைக்கும். ஒரு குழு முழு ஓடாகப் போடட்டும், இன்னொரு குழு அம்மியில் பொடித்துப் போடட்டும். பரப்பளவு கூடினால் வினைவேகம் கூடும் என்ற பாடம் அதிலேயே முடிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இதற்கு அவ்வளவு தோதில்லை. கால்சியம் சிட்ரேட் ஓட்டின் மேல் படியப் படிய நுரை அடங்கிவிடும்.

உங்கள் சாக்பீஸைத் தூக்கி எறியாதீர்கள். ஓட்டுக்குப் பக்கத்தில் அதையும் போட்டு, "இரண்டும் ஒரே பொருளா?" என்று கேளுங்கள். நீங்கள் தோற்ற சோதனையே நல்ல வகுப்பாகிவிடும். மிச்ச சாக்பீஸில் அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு சுற்றி, நுனி மட்டும் நனையும்படி தண்ணீரில் நிறுத்துங்கள். கறுப்பு பிரிந்து நீலமும் சிவப்பும் ஏறும். வண்ணப்பிரிகை முறைக்கு அது போதும்.

மோல் என்றாலே பிள்ளைகள் முழிக்கிறார்கள். கணக்குப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் அது என்னவென்று கேட்டால் தெரியவில்லை.
ஆசிரியர், மன்னார்குடி

ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். கவுளி என்றால் நூறு என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். கொழுந்து வெற்றிலையிலும் ஒரு கவுளி உண்டு, முற்றின பெரிய வெற்றிலையிலும் ஒரு கவுளி உண்டு. எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. மோல் என்பது அணுக்களுக்கான கவுளி, அவ்வளவுதான்.

ஆனால் அணுவை யார் எண்ணுவது? அதற்கு நெல். ஆளுக்கு 20 நெல் எண்ணச் சொல்லுங்கள். 50 பேர் எண்ணினால் ஆயிரம். இரண்டு நிமிஷத்தில் முடியும். வகுப்பு பெரிதாக இருப்பது நமக்கு அனுகூலமாவது இந்த ஒரு இடத்தில்தான்! சமையலறை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துங்கள். ஆயிரம் நெல் சன்ன ரகத்தில் 15 கிராம் பக்கத்திலும், மோட்டா ரகத்தில் 20-க்கு மேலும் வரும். அப்புறம் ஒரு படி நெல்லை நிறுத்து, அதில் எத்தனை நெல் என்று கணக்குப் போடட்டும். எண்ணாமலே எடையை வைத்து எண்ணிக்கை தெரிந்துகொள்கிற வித்தை கைக்கு வந்துவிட்டால் பாதி மோல் வந்த மாதிரி. ஒருமுறை ஒரு பையன், "டீச்சர், பதரையும் சேர்த்து எண்ணணுமா?" என்றான். அன்று மோலை விட்டுவிட்டுத் தூய்மைச் சதவீதம் நடத்தினேன்.

கடைசியில் மேஜையில் மூன்று வையுங்கள். ஒரு டம்ளரில் 18 கிராம் தண்ணீர், ஒரு பொட்டலம் 58.5 கிராம் உப்பு, ஒரு பொட்டலம் 342 கிராம் சர்க்கரை. மூன்றும் ஒவ்வொரு மோல். தண்ணீர் நாலு ஸ்பூன்கூட இராது. அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கணக்கு: ஒரு மோல் நெல் வேண்டுமென்றால்? உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் விளைகிற நெல் சுமார் 80 கோடி டன். ஒரு நெல் 20 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு மோலின் எண்ணிக்கையான, 6.022-ஐ 10-ன் அடுக்கு 23-ஆல் பெருக்கிய அத்தனை நெல் விளைய ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வருஷம் ஆகும். பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இப்படி விளையாடிக்கொண்டிருந்தால் போர்ஷன் எப்போது முடிப்பது? பொதுத் தேர்வில் இதெல்லாம் மார்க் வாங்கித் தருமா?
தலைமையாசிரியர் ஒருவர், ஊர் வேண்டாம் என்றார்

நியாயமான கேள்விதான் சார். வாரத்துக்கு ஒன்று, கால் மணி நேரம், அதற்கு மேல் நானும் கேட்கமாட்டேன். அதுவும் கணக்கோடு ஒட்டிக்கொண்டால் போர்ஷன் குறையாது. காலி யூரியாச் சாக்கு ஒன்றைக் கரும்பலகையில் மாட்டுங்கள். நைட்ரஜன் 46 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். யூரியாவின் மூலக்கூறு நிறை 60, அதில் நைட்ரஜன் 28, வகுத்தால் 46.67. சாக்கில் போட்டது சரியா என்று சம்சாரி வீட்டுப் பிள்ளை ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் சதவீத இயைபுக் கணக்கில் மார்க்கை விடாது. 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் எத்தனை கிலோ என்பது வீட்டுப்பாடம். அப்பாவிடம் போய்ச் சொல்லும்.

யூடியூப் பார்த்துவிட்டு என் மகன் உப்புத் தண்ணீரில் பேட்டரி வைத்து ஏதோ செய்கிறான். விடலாமா?
ஒரு தாய், மயிலாடுதுறை

கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் விடாதீர்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டால் ஒரு முனையில் குளோரின் என்கிற நச்சு வாயு வரும். உப்புக்குப் பதில் சலவைச் சோடாவைக் கரைக்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வரும். 9 வோல்ட் பேட்டரிக்கு மேல் வேண்டாம். இன்னொன்று: பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் கழுவும் ஆசிடையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, சோதனைக்கும் சரி, சுத்தம் செய்யவும் சரி.

எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். உப்பை வைத்து சயின்ஸ் பிராஜெக்ட் செய்யலாமா? எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஃபிரெண்ட்ஸ் சொல்கிறார்கள்.
ஒன்பதாம் வகுப்பு மாணவி, வேதாரண்யம்

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா கண்ணு? கடல் தண்ணீர் வற்றினால் உப்பு என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். எது முதலில் படிகிறது, எது கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கிறது என்பது உன் ஃபிரெண்ட்ஸுக்குத் தெரியாது.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் எல்லா உப்பும் சேர்த்து 35 கிராம் வரை இருக்கும். துணியில் வடிகட்டி, அகலமான பீங்கான் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வை. அலுமினியம் வேண்டாம், அரித்துவிடும். ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது அடியில் மெல்லிசாக வெள்ளைப் பொடி தெரியும். அது ஜிப்சம். அந்தத் தண்ணீரை மட்டும் வேறு தட்டுக்கு இறுத்துவிடு. பத்தில் ஒரு பங்குக்கு வரும்போது கட்டம் கட்டமாக உப்புப் படிகம் மிதந்து இறங்கும். முழுக்க வற்ற விடாதே. கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே படிகத்தை அள்ளிவிடு. மிச்சத் தண்ணீரில் மெக்னீசிய உப்புகள் நிறைய இருக்கும். உப்பளத்தில் அதை ஏன் வெளியே விடுகிறார்கள் என்று அப்பாவைக் கேள். உனக்கு நான் சொல்வதைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

பிராஜெக்ட்டுக்கு இரண்டு தட்டு போதும். ஒன்றில் நீ அள்ளிய உப்பு. இன்னொன்றில் கடைசிச் சொட்டுவரை வற்றவிட்ட உப்பு, மெக்னீசியம் குளோரைடோடு சேர்த்து. இரண்டையும் மூடாமல் ஜன்னலோரம் வை. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் எந்தத் தட்டு முதலில் கசகசவென்று நனைகிறது, எத்தனை நாளில் என்று தேதி போட்டு எழுதி எனக்கு அனுப்பு.