நகையை அடகு வைத்து வெளிநாட்டு லென்ஸ் வேண்டுமா?

குமரி மாவட்டம் அருமனை வாசகர் ஒருவரின் கேள்வி: அப்பாவுக்கு வயது 66. ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை. ஊருக்கு வந்த ஒருவர் வேனில் அழைத்துப்போய் ஒரு மருத்துவமனையில் காட்டினார். லேசர் ஆபரேஷன், வெளிநாட்டு மல்டிஃபோகல் லென்ஸ், இனிமேல் கண்ணாடியே வேண்டாம், ஒரு கண்ணுக்கு 70,000 ரூபாய் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?

நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் அப்பா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பவர். கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மல்டிஃபோகல் லென்ஸ், உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு போடுகிறது. அதனால் இருட்டில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியலாம், பார்க்கும் பொருளின் துலக்கமும் குறையும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பழகிக்கொள்வார். பால்வெட்டுபவருக்கு, ஒரே தூரத்துக்கு மட்டும் துலக்கம் தரும் சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் போதும், மற்ற தூரத்துக்கு ஒரு கண்ணாடி. அவருடைய தொழில் என்ன என்பதை மருத்துவரிடம் சொல்லி, கைநீட்டும் தூரத்துக்கு ஏற்ற பவர் வைக்கலாமா என்று கேளுங்கள்.

'வெளிநாட்டு' என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். 1992 முதல் மதுரையிலேயே லென்ஸ் செய்கிறார்கள். அது பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. லேசர்? வழக்கமான பேக்கோ முறையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீறல் போட்டு, ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சுவார்கள். அவர்கள் சொல்லும் ஃபெம்டோ லேசர் கீறலையும் சில வெட்டுகளையும் செய்கிறது. உறிஞ்சும் வேலைக்குப் பழைய கருவிதான் வர வேண்டும். கடைசியில் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆபரேஷன் முடிந்து சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் படலம் மங்கினால் சில நிமிடங்களில் செய்கிற லேசர் வேறு. இரண்டையும் குழப்பிச் சொல்லித்தான் பணம் பறிக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விடமாட்டேன். 12 வருடச் சர்க்கரை என்றால் முதலில் விழித்திரை. சொட்டு மருந்து விட்டுப் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தார்களா? விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்களா? விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தால், புரையை எத்தனை அழகாக எடுத்தாலும் பார்வை தெளியாது; அதற்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து வேண்டியிருக்கும், பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே. அப்படிப்பட்ட கண்ணுக்கு மல்டிஃபோகல் கூடவே கூடாது. புரை முற்றி உள்ளே எதுவும் தெரியவில்லையா, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாம். இதைச் செய்யாமல் லென்ஸ் விலை பேசுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வேன் இலவசமாக வருகிறது என்றால் அதன் டீசல் உங்கள் பில்லில்தான் இருக்கிறது. திருவட்டாறு, குலசேகரம் பக்கமெல்லாம் தலைக்கு இத்தனை என்று கமிஷன் வாங்கும் ஆட்களைப் பற்றி என்னிடம் வருபவர்களே சொல்கிறார்கள். ஜவுளிக்கடைப் புடவையில்கூட விலைச்சீட்டு இருக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையை மட்டும் ஏன் வாசலில் எழுதிவைக்க மாட்டார்கள் என்று எத்தனை கூட்டத்தில் கேட்டும் பதில் இல்லை. லென்ஸ் உறையில் பெயர், பவர், வரிசை எண் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அது டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்டப்படாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசுத் திட்டத்தில் லென்ஸோடு சேர்த்தே இலவசம். வரிசையும் அலைச்சலும் உண்டு, மறைக்கவில்லை. விடுப்புப் போட்டுக்கொண்டு நீங்களே கூடப் போங்கள்.

இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு மாதமாவது சொட்டு மருந்தைத் தவறவிடாமல், தூசியும் அழுக்கு நீரும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். பாலை உறையவைக்கும் ஆசிட் பக்கமே போகக் கூடாது. மழையில் வெட்டு நின்றிருக்கும் வாரங்களாகப் பார்த்து நாள் கேளுங்கள். கூலியும் அதிகம் போகாது.