ஐஈஎல்டிஎஸ்ஸில் 7 எடுத்தாலும் வார்டில் ஆங்கிலம் ஏன் உதைக்கிறது?

தங்கச்சி, உங்கள் கேள்வி இதுதானே: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு பாஸ் பண்ணி இங்கிலாந்துக்கு வந்து வார்டில் நர்ஸாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, நோயாளிகள் பேசுவது பாதி புரியவில்லை, நீங்கள் பேசினால் கூட இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், காசு கட்டி கிராமர் கிளாஸில் சேரலாமா?

சேராதீர்கள். படிக்க, கேட்க, பேச 7, எழுத 6.5 என்று இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி கேட்கிற மார்க்கை எடுத்துத்தான் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. 'எ' (a) எங்கே வரும், 'த' (the) எங்கே வரும் என்பதில் எனக்கே இன்னும் சறுக்கும். அதனால் எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகிவிடாது. முதலில் சரிசெய்ய வேண்டியது வேறு ஒன்று, அதை எந்தக் கிளாஸிலும் அழுத்திச் சொல்லித்தர மாட்டார்கள்.

'ஹேவன்ட் யூ கிவன் ஹர் இன்சுலின் யெட்?' என்று சீனியர் நர்ஸ் கேட்கிறார். நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. நம் மனதில் ஓடுவது 'ஆமாம், கொடுக்கவில்லை' என்பதுதான், அதனால் வாயில் 'யெஸ்' வந்துவிடும். தமிழில் நாம் கேட்டவர் சொன்னது சரி என்று ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும் கவலையில்லை. கொடுத்திருந்தால் யெஸ், கொடுக்காவிட்டால் நோ. நீங்கள் யெஸ் என்றதும் இன்சுலின் போட்டாயிற்று என்று நினைத்து அவர் அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். இதில் நம் தலையாட்டல் வேறு. அது ஆமாமா இல்லையா என்று இவர்களுக்குப் பல வருடம் ஆனாலும் பிடிபடாது.

ஆகவே வேலை நேரத்தில் வெறும் யெஸ், வெறும் நோ சொல்வதை நிறுத்துங்கள். 'நோ, ஐ ஹேவன்ட் கிவன் இட் யெட்' என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கும்போதும் எதிர்மறையாகக் கேட்காதீர்கள். 'யூ ஹேவன்ட் ஈட்டன்?' என்று கேட்டால், அதுவும் நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்த நோயாளியாக இருந்தால், வருகிற பதிலை நம்பவே முடியாது. 'ஹேவ் யூ ஈட்டன் எனிதிங் திஸ் மார்னிங்?' என்றால் குழப்பம் இல்லை. இதே குடும்பத்தில் இன்னொன்று, 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' நல்ல மனதோடு யெஸ் என்றால் 'உட்காராதே' என்று அர்த்தம். நோ என்றால்தான் உட்காரலாம். ஊரில் மைண்ட் என்ற சொல்லை நாம் இப்படிப் பயன்படுத்துவதே இல்லை, அதனால் இது பழக நாளாகும்.

அடுத்தது ஹேண்டோவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது. 'ஐ ஹேவ் கிவன் பாராசிட்டமால் அட் எய்ட்' என்று சொல்வோம், ஏனென்றால் 'எட்டு மணிக்கே கொடுத்திருக்கிறேன்' என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் மணியைச் சொல்லிவிட்டால் 'ஐ கேவ் இட் அட் எய்ட்' தான். மணி சொல்லாதபோது மட்டும் 'ஐ ஹேவ் கிவன்'. 'சின்ஸ் த்ரீ டேஸ்' வேண்டாம். எத்தனை நாள் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்'. 'ஹி இஸ் ஹேவிங் ஃபீவர்' புரியும், ஆனால் இங்கே சொல்வது 'ஹி ஹேஸ் எ டெம்பரேச்சர்'. நோயாளி இறந்துவிட்டால் 'எக்ஸ்பயர்ட்' என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. நம் ஆஸ்பத்திரிகளில் அது மரியாதையான வார்த்தை; இங்கே கேட்பவருக்குத் தேதி முடிந்த பால்தான் நினைவுக்கு வரும். 'டைட்' என்று நேராகவே சொல்லலாம், குடும்பத்தாரிடம் 'பாஸ்ட் அவே'. டாக்டர் எழுதிய மருந்து பற்றிக் கேட்கப் போகும்போது 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் அவரை நம்பவில்லை என்பதுபோல் தொனிக்கும். 'குவெஸ்சன்' என்று சொன்னால் போதும்.

நோயாளிகள் பேசுவது புரியாததற்கு உங்கள் இலக்கணம் காரணமே இல்லை. எண்பது வயதுப் பாட்டி ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலம் பேசுவாரா? 'ஐ வாஸ் சிக் இன் த நைட்' என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று பொருள். உடம்பு சரியில்லை என்பதற்கு 'பூர்லி'. சிறுநீர் போகும் உறுப்புகளை 'வாட்டர்வொர்க்ஸ்' என்பார்கள், ஆசனவாயை 'பேக் பாசேஜ்' என்பார்கள். 'ஐ கேம் ஓவர் ஃபன்னி' என்றால் சிரிக்காதீர்கள், தலை சுற்றியதாகவோ திடீரென்று ஒரு மாதிரி ஆனதாகவோ சொல்கிறார். உடனே பிபி பாருங்கள். வட இங்கிலாந்தில் 'டீ' என்றால் பலருக்கு மாலைச் சாப்பாடு. அதனால் 'ஆஃப்டர் மை டீ' மாத்திரை போட்டேன் என்றால் மணியையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஹாஃப் செவன்' என்பது 7.30, ஆறரை இல்லை. நாட்டிங்காம், டார்பி பக்கம் உங்களை 'டக்' (வாத்து) என்று கூப்பிட்டால் அது அன்பு, கோபப்படாதீர்கள்.

ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றீர்களே, அதற்கு என் ஊகம் இது. 'கொடு', 'கொடுங்க' என்று நமக்கு மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாறும்போது அந்த 'ங்க' கழன்று விழுந்து, 'கிவ் மீ த சார்ட்' மட்டும் மிஞ்சுகிறது. மனதில் மரியாதை இருந்தாலும் கேட்பவருக்கு அது அதட்டலாக விழும். நர்ஸுக்கு உதவியாக இருக்கும் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் முதல் பெரிய டாக்டரான கன்சல்டென்ட் வரை எல்லோரிடமும் 'குட் யூ பாஸ் மீ த சார்ட், ப்ளீஸ்' என்றே கேளுங்கள். டாக்டரிடம் வரிக்கு வரி சார் போட்டுவிட்டு அசிஸ்டென்டிடம் மட்டும் மொட்டையாகப் பேசுவதை இங்கே உடனே கவனிப்பார்கள். இங்கே சீனியர்கள் வேலை ஏவுவதும் இதே பாணிதான். 'யூ மைட் வான்ட் டு செக் பெட் ஃபோர்' என்பது யோசனை மாதிரி இருக்கும், ஆனால் இப்போதே போய்ப் பார் என்று அர்த்தம். விருப்பமிருந்தால் போகலாம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் மேலே புகார் போகும்.

உச்சரிப்பை மாற்ற மெனக்கெடாதீர்கள், ஸ்காட்லாந்துக்காரர் பேசுவதே லண்டன்காரருக்குச் சில சமயம் புரியாது. ஆனால் எண்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நாம் ஃபிஃப்டீனிலும் ஃபிஃப்டியிலும் முதல் அசையையே அழுத்துவதால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். 15 மில்லிகிராமா 50 மில்லிகிராமா என்ற இடத்தில் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று பிரித்துச் சொல்லுங்கள், போனில் கண்டிப்பாக.

கிளாஸ் பற்றி ஒன்று. வேற்றுமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர இங்கே கல்லூரிகளில் நடக்கும் ஈசால் வகுப்புகள் பெரும்பாலும் ஆரம்பநிலையில் இருப்பவர்களை நினைத்து வைத்தவை, உங்களுக்கு அங்கே சலிப்புத்தான் வரும். உங்கள் வார்டுக்கு பிராக்டிஸ் எஜுகேட்டர், அதாவது நர்ஸ்களுக்கு வேலையிடத்தில் பயிற்சி தருபவர், யார் என்று விசாரியுங்கள். ஹேண்டோவரை ஒரு முறை அவர் முன்னால் சொல்லிக்காட்டி, எங்கே புரியவில்லை என்று நேராகக் கேளுங்கள். இவர்கள் தானாக முன்வந்து தப்பைச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள்.