சித்தி இல்லீங்க, பெரியம்மா!

கேள்வி: சித்தி கொடுமைக்கு எகிப்து ராணி ஹாட்ஷெப்சுட் நல்ல உதாரணம்தானே சார்? சின்னப் பையன் மூணாம் துட்மோஸ் கிட்டேர்ந்து சிம்மாசனத்தப் பிடுங்கினா, அவன் வளந்ததும் அவ பேரையே சுரண்டி எடுத்துப் பழி தீத்துக்கிட்டான்.

பதில்: மொதல்ல அந்த 'சித்தி'யக் கீழ வைங்க. அப்பாவோட மூத்த தாரத்த யாராவது சித்தின்னு கூப்பிடுவாங்களா? ரெண்டாம் துட்மோஸோட பட்டத்து ராணி ஹாட்ஷெப்சுட்தான், பையனப் பெத்த இசெட்தான் இளைய தாரம், அப்ப இவங்க பெரியம்மா. அதோட விட்டுதா? இவங்களும் புருஷனும் ஒரே அப்பா பிள்ளைங்க, அம்மாதான் வேற, அதனால பையனுக்கு அத்தையும் இவங்கதான். பெரியம்மான்னா அவங்க பொண்ணு நெஃபெரூரே கூடப்பொறந்தவ, அத்தைன்னா அதே பொண்ணு முறைப்பொண்ணு! கல்யாண வீட்ல முறை சொல்ற நம்ம பாட்டிங்கள அந்த அரண்மனையில உக்கார வெச்சா அரை மணி நேரத்துல தலையப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்துடுவாங்க.

சித்தின்னதும் உங்களுக்கு கைகேயி ஞாபகம் வந்திருக்கும். கைகேயி கேட்டது தன் பிள்ளைக்காக. இவங்களுக்குப் பிள்ளையே இல்ல, பொண்ணுதான். பையனக் காட்டுக்கும் அனுப்பல. கி.மு. 1479 வாக்குல அவன் பட்டத்துக்கு வந்தான், ஏழாவது வருஷத்துக்குள்ள இவங்களும் முழு பாரோவா, அதாவது எகிப்து ராஜாவாவே ஆயிட்டாங்க, அது நெஜம், நான் மறைக்கல. ஆனா ஆட்சி வருஷத்த கடைசி வரைக்கும் அவன் பட்டத்துக்கு வந்த நாள்லேர்ந்துதான் எண்ணினாங்க, எகிப்துல கர்னாக் கோயில்ல இருக்கற சிவப்புக் கல் சன்னதியில ரெண்டு பேரையும் சேத்தேதான் செதுக்கியிருக்கு. இவங்க கண்ண மூடின சில மாசத்துலயே அவன் இன்னிக்கு இஸ்ரேல்ல இருக்கற மெகிட்டோவுக்குப் படையெடுத்துப் போய் ஜெயிக்கறான், மூலையில முடக்கி வெச்ச பையனால அது முடியுமா சொல்லுங்க.

பழி வாங்கினான்ங்கறீங்களே, பேரச் சுரண்டினது இவங்க செத்து 20 வருஷத்துக்கும் மேல ஆனப்புறம். அவ்ளோ நாள் யாருங்க கோபத்த அடக்கி வெச்சுக்கிட்டு இருப்பாங்க? அதுலயும் ராணியா இருக்கற படங்கள விட்டுட்டாங்க, ராஜாவா இருக்கறதத்தான் தேடித் தேடி அழிச்சாங்க. அடுத்து வரப்போற தன் பையன் ரெண்டாம் அமென்ஹோடெப்புக்குப் போட்டியா யாரும் உரிமை கொண்டாடிடக் கூடாதுங்கறதுதான் காரணம்னு நெறைய ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. 1920கள்ல, இவங்க கோயில் இருக்கற டெய்ர் எல் பஹ்ரியில, குழிகள்லேர்ந்து இவங்களோட ஒடஞ்ச சிலைங்களக் குவியல் குவியலா தோண்டி எடுத்தவங்க இத குடும்பச் சண்டையாவே பாத்தாங்க, அந்தக் கதையத்தான் நீங்களும் நம்பிக்கிட்டிருக்கீங்க.

நெஜமான அரண்மனை வெட்டுக்குத்து வேணும்னா ரோமுக்கு முன்னாடி கடைசியா எகிப்த ஆண்ட டாலமி வம்சத்துக்குப் போங்க. கிளியோபாட்ராவுக்கு தம்பி பதிமூணாம் டாலமியோட யுத்தம், தங்கச்சி அர்சினோயேவ கி.மு. 41ல எபேசஸ் கோயில்ல வெச்சே கொன்னாங்க. கிளியோபாட்ரா மாசிடோனிய கிரேக்க வம்சம்னு முன்னாடி எழுதினப்ப ஒரு வாசகர் மூணு பக்கத்துக்குத் திட்டி லெட்டர் போட்டார், அய்யா இப்பவும் அதையேதான் சொல்றேன், அவங்க ஹாட்ஷெப்சுட்டுக்கு 1400 வருஷம் பின்னாடி வந்தவங்க, எகிப்து ராணின்னா அவங்க ஒருத்தர் மட்டும் இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. 1829ல, எகிப்து சித்திர எழுத்த மொதல்ல படிச்சுச் சொன்ன ஷாம்போலியன் டெய்ர் எல் பஹ்ரி சுவரப் படிக்கறார், படத்துல தாடி வெச்ச ராஜா, எழுத்துல வினை எல்லாம் பெண்பால். 'வந்தான்'னு இருக்க வேண்டிய எடத்துல 'வந்தாள்'. மனுஷன் கொழம்பிப் போயிட்டார், அந்த ராஜா நம்ம ஹாட்ஷெப்சுட்தான். வந்தான் வந்தாள்னு பிரிச்சே பேசற நமக்கு அந்தக் கொழப்பம் சட்டுனு புரியும்.

கர்னாக்ல ஹாட்ஷெப்சுட் நிறுத்தின கிட்டத்தட்ட 30 மீட்டர் ஒத்தக்கல் தூண் இன்னும் நிக்குது. மூணாம் துட்மோஸ் அதோட அடிப்பாகத்தச் சுத்திச் சுவர் எழுப்பி மறச்சான், அந்தச் சுவருக்குள்ள இருந்ததாலயே இவங்க எழுத்து தேயாம நம்ம கைக்கு வந்திருக்கு.