வாயுகூடப் பிரியவில்லை, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. கர்ப்பப்பையை அகற்றி 6 வருடம் ஆகிறது. நேற்றிலிருந்து வயிறு உப்பி, விட்டுவிட்டு வலிக்கிறது. பச்சையாக வாந்தி. வாயுகூடப் பிரியவில்லை. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. இது குடல் அடைப்பாக இருக்கலாம். பேதி மருந்து அடைபட்ட குடலை மேலும் வேகமாகச் சுருங்க வைக்கும், உள்ளே அழுத்தம் கூடி ஓட்டைகூட விழலாம். சாப்பாடு, தண்ணீர் எதுவும் தராமல் இன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. சிறுகுடல் அடைப்புக்கு முக்கியக் காரணமே அதுதான். பல வருடம் கழித்தும் வரும். தொடை இடுக்கில் குடலிறக்க வீக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பலர் கூச்சத்தில் மறைத்துவிடுகிறார்கள். ஒருமுறை மலம் போனதென்று நிம்மதி அடையாதீர்கள். அடைப்புக்குக் கீழே தங்கியிருந்ததும் அப்படி வெளியேறும்.

அங்கே மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்வார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஒட்டுதலால் வந்த அடைப்பு பெரும்பாலும் 2, 3 நாளில் ஆபரேஷன் இல்லாமலே விலகும். ஆனால் வலி விடாமல் நிலைத்துவிட்டாலோ, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தாலோ குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். சில மணி நேரத்தில் அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.