சர்ரியலிச ஆடைகளை யாராவது நிஜமாகவே உடுத்தினார்களா?

"கண்காட்சிகளில் வைக்கிற இந்த விசித்திர உடைகளை யாராவது உடுத்தியிருப்பார்களா, இல்லை காட்சிக்காகவே தைத்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சர்ரியலிசம் என்றால் கனவில் வருவது போலப் பொருந்தாதவற்றைச் சேர்த்துக் காட்டும் கலைப் பாணி. அந்த உடைகளை உடுத்தினார்கள். விருந்துக்கும் போனார்கள்.

2022இல் பாரிஸ் அலங்காரக் கலைகள் அருங்காட்சியகத்தில் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி பற்றி 'ஷாக்கிங்' என்ற கண்காட்சி நடந்தது. அவர் தைத்தவற்றோடு, அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு 2019 முதல் வடிவமைக்கும் டேனியல் ரோஸ்பெரியின் உடைகளும் இருந்தன. நான் பிளவுஸ் தைத்துப் பழகியவள். எந்த உடையைப் பார்த்தாலும் கண் முதலில் தையலுக்குத்தான் போகும்.

1937இல் வந்த சிங்கி இறால் கவுனை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பட்டு ஆர்கன்ஸா. பாவாடையின் முன்பக்கம் சர்ரியலிச ஓவியர் சால்வடோர் டாலி வரைந்த பெரிய சிவப்பு இறால். சுற்றிலும் பார்ஸ்லி இலைகள், தட்டில் பரிமாறிய மாதிரி. போட்டோவில் எனக்கு அது கேலியாகத்தான் பட்டது. நேரில் பார்த்தால், இறாலை எடுத்துவிட்டாலும் அது அருமையான உடை. பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் பதவி துறந்து மணந்த வாலிஸ் சிம்ப்சன், கல்யாணத்துக்குச் சற்று முன் அதைப் போட்டுக்கொண்டு வோக் ஃபேஷன் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டார். டாலி அதன் மேல் நிஜ மயோனைஸ் பூசச் சொன்னதாகவும் ஸ்கியாபரெல்லி மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. துவைக்கிறவர்கள் பிழைத்தார்கள்.

1938இன் எலும்புக்கூடு உடை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சொத்து. கறுப்புக் கிரேப் துணியில் விலா எலும்பும் முதுகெலும்பும் புடைத்து நிற்கும். இரண்டு அடுக்குத் துணியில் எலும்பின் ஓரமாகத் தையல் ஓட்டி, உள்பக்கத்திலிருந்து பஞ்சைத் திணிக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் துணி சுருங்கி இழுக்கும், குறைந்தால் எலும்பே தெரியாது. உடம்போடு ஒட்டுகிற உடையில் இதைச் செய்வது லேசான வேலை இல்லை.

எம்பிராய்டரிக்கு ஸ்கியாபரெல்லி நம்பியது பாரிஸின் லெசாஜ் குடும்பப் பட்டறையை. கொக்கி ஊசியால் மணி கோக்கும் அவர்கள் முறை நம்முடைய ஆரி வேலைக்கு நெருங்கிய சொந்தம். அந்தக் குடும்பத்து ழான் ஃபிரான்சுவா லெசாஜ் 1990களில் சென்னையிலேயே பட்டறை போட்டார்!

ரோஸ்பெரியின் உடைகளும் வெறும் காட்சிப்பொருள் இல்லை. 2021 ஜனவரியில் பைடன் பதவியேற்பில் பாடகி லேடி காகா பாடியபோது மார்பில் இருந்த பெரிய பொன்னிறப் புறா அவர் செய்ததுதான். அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் மாடல் பெல்லா ஹடீத் அணிந்த நுரையீரல் வடிவ நெக்லஸும் அவருடையதே. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை கேமராவை நினைத்துச் செய்தவை. அதைப் போட்டுக்கொண்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் ஓட்டு ஸ்கியாபரெல்லியின் 1936இன் மேசை இழுப்பறை சூட்டுக்கு. அதன் பாக்கெட்டுகள் குமிழோடு இழுப்பறை போலவே இருக்கும். சில நிஜம், சில ஏமாற்று. போன மாதம் நான் வாங்கிய குர்தாவில் இரண்டுமே ஏமாற்று.