கீழே போன ரத்தம் மேலே ஏறுவது எப்படி?

வணக்கம். ஜவுளிக்கடையில் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நின்றபடியே வேலை. சாயங்காலம் செருப்பு இறுக்கும். கணுக்காலை அமுக்கினால் குழி விழும். எங்கள் கடைக்கு மூட்டை கொண்டுவரும் அண்ணன் நாளெல்லாம் நடக்கிறார், அவருக்கு வீக்கமே இல்லை. இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளுகிறது, சரி. மேலே ஏற்றுவது யார்?
– செல்வி, ஈரோடு

அன்புள்ள செல்வி,

பாதி வேலை இதயத்தினுடையது, மீதி உங்கள் கெண்டைக்காலினுடையது.

இதயத்தை விட்டுக் கிளம்பும்போது ரத்தத்தின் சராசரி அழுத்தம் 95 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும். மயிரிழை போன்ற நுண்குழாய்களைத் தாண்டி, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரைக்குள் நுழைகையில் 10, 15தான் மிஞ்சும். படுத்திருப்பவருக்கு அது தாராளம். அசையாமல் நிற்கும்போதும் ஓட்டம் நின்றுவிடுவதில்லை. ஆனால் இதயத்திலிருந்து கணுக்கால் வரை ஏறக்குறைய நாலடி ரத்தத்தின் எடை கால் சிரைகளில் இறங்குகிறது. அங்கே அழுத்தம் 90 வரை போகும். அதனால் நுண்குழாய்களிலிருந்து நீர் கூடுதலாகக் கசிகிறது. கசிந்ததைத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கும் நிணநீர்க் குழாய்கள் அள்ளியது போக மிச்சம்தான் அந்தக் குழி.

நடக்கும்போது கெண்டைச்சதை இறுகி ஆழத்துச் சிரையைப் பிழிகிறது. சிரைக்குள் இரண்டிரண்டு இதழாக வால்வுகள் உண்டு. மேல்நோக்கி மட்டுமே திறக்கும். சதை தளர்ந்தாலும் ஏறிய ரத்தம் இறங்காது. பத்துப் பதினைந்து எட்டு வைத்ததும் கணுக்காலில் அழுத்தம் 30 அளவுக்கு விழுந்துவிடும். மூட்டை அண்ணனின் ரகசியம் இதுதான்.

வால்வைக் கையிலேயே பார்க்கலாம். முழங்கைக்கு மேல் துணியை லேசாகக் கட்டுங்கள். மணிக்கட்டில் நாடி துடிக்க வேண்டும். முன்கையில் சிரை புடைக்கும், நடுநடுவே சின்ன முடிச்சுகள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் சிரையை அமுக்கிக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை ஒரு முடிச்சைத் தாண்டி மேலே வழித்து, அந்த விரலை எடுங்கள். முடிச்சுக்குக் கீழே வெறுமையாகவே கிடக்கும். முதல் விரலையும் எடுத்தால் கீழிருந்து நிரம்பும். ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. வால்வுகளை 1603இலேயே விவரித்த அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ், ரத்தம் கீழே பாய்வதை மட்டுப்படுத்தத்தான் அவை என்று நினைத்துவிட்டார்!

சிரை விரிந்தால் இதழ்கள் ஒன்றோடொன்று சேராது. ரத்தம் பின்வாங்கி அடுத்த வால்வின்மேல் விழும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறோமே, அது இதுதான். நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கவனிக்காமல் விட்டால் உட்கணுக்காலருகே தோல் கறுத்து, அரித்து, புண்ணாகும்.

அரைமணிக்கொரு முறை இருபது தடவை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது, கேளுங்கள். உட்கார்ந்தாலும் காலைத் தொங்கவிட்டால் பலன் குறைவு. முக்காலி மேல் நீட்டுங்கள். அழுத்தக் காலுறை போடுவதென்றால் காலையில், வீக்கம் வருமுன். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்புள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

விடிந்தும் வீக்கம் வடியாவிட்டால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழையுங்கள். உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும்.